வாக்கு கேட்காத மேடம்

எங்கள் ஊர் டீக்கடையில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பம்பைக்கார ஏழுமலைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சாமி வரவழைத்தார்களாம். வந்த சாமியிடம் கேள்வி கேட்கத் தெரியாமல் டாக்டர்கள் திருதிருவென்று முழித்தார்களாம். என் மச்சான் சேகர்தான் உள்ளே புகுந்து காரியத்தை முடித்தானாம். கதையைப் பரப்பியவனும் அதே சேகர்தான். அதில் பாதி பொய். மீதிப் பாதியில் அவனுடைய தப்பு ஒன்று இருக்கிறது, அதை மட்டும் அவன் சொல்வதில்லை. நடந்தது நடந்தபடி எழுத்தில் இருக்கட்டும் என்று நானே உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் மனசு மட்டும் படுத்துக்கொண்டவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் எங்கள் ஊர். சாதாரண நாட்களில் குட்டியானை என்கிற சின்ன லாரியில் வாலாஜாபாத் பக்கம் அரிசி மூட்டை, காய்கறி என்று லோடு அடிப்பேன். திருவிழாக் காலம் வந்துவிட்டால் கோயில் வேலைதான். நான் பம்பை மேளம் அடித்து, அம்மனை அழைக்கிற வர்ணிப்புப் பாடுவேன். என் மனைவியின் தம்பி சேகர் உடுக்கை அடிப்பான். பாட்டு சூடுபிடித்தால் கூட்டத்தில் யார் மேலாவது அம்மன் இறங்குவாள். இறங்கியவுடன் கேள்வி கேட்பது என் பொறுப்பு. வந்திருப்பது யார், என்ன குறை, என்ன வேண்டும் என்று விடாமல் கேட்பேன். வருகிற பதிலுக்கு வாக்கு என்று பெயர். வாக்கு வாங்கி முடித்ததும் சேகர் கற்பூரம் காட்டுவான், சாமி மலையேறிவிடும். அருள் வந்தவர் எழுந்து தண்ணீர் கேட்பார். கேள்வி கேட்பதில் என்னை மிஞ்ச இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, தாமல் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வருஷம் பேச்சே வற்றிப்போனது. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கடன் தொல்லை இல்லை, வீட்டில் சண்டை இல்லை. முதலில் தூக்கம் போனது, பிறகு சோற்றில் ருசி போனது. வண்டியைக் களத்துமேட்டில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தபின் இறங்கத் தோன்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை கோயிலில் ஒரு அம்மா மேல் அருள் வந்து என் எதிரே ஆடிக்கொண்டிருந்தார். நான் பம்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் நினைவில்லை. சேகர் சமாளித்தான். அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு பம்பையைத் தொடவில்லை.

என் மனைவி வனிதா இந்த நாட்களில் எங்கிருந்தோ மூட்டை மூட்டையாகக் கடலைக்காய் கொண்டுவந்து போட்டாள். காலையில் ஒரு முறம், மத்தியானம் ஒரு முறம். எதிரில் உட்கார வைத்து உரிக்கச் சொல்வாள். "இம்மாம் கடலைய இன்னாத்துக்கு உரிக்கறது?" என்று கேட்டால், "எண்ணெ ஆட்டலாம்னு கீறேன், கம்முனு உரி" என்பாள். வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. உரிக்கச் சொன்னால் உரித்தேன்.

எங்கள் வழக்கப்படி முதலில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வேறு ஊர்ப் பம்பைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து என்னை எதிரில் உட்கார வைத்துப் பம்பை அடித்தார்கள். எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்: "சொல்லு, யாரு நீ? எங்கேந்து வந்து இவனப் புடிச்ச?" எனக்குள் ஒருவரும் இல்லை. ஆனால் பாவம், வேர்த்து வழிய அடித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் சொந்தபந்தமெல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதில் வராமல் அவர் மேளம் ஓயாது என்பது தொழில் தெரிந்த எனக்குத் தெரியாதா? ஏரி மதகுப் பக்கம் இருக்கிற ஒருத்தன் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தேன். எல்லோருக்கும் திருப்தி. சேவலும் எலுமிச்சம்பழமும் கொடுத்து அந்த ஒருத்தனை அனுப்பி வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் நான் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு மனச்சோர்வு என்று பெயர், சோம்பேறித்தனம் இல்லை, சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு வியாதி என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். சோம்பேறித்தனம் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டதே எனக்குப் பாதி மருந்து. மீதிப் பாதிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டேன். மாத்திரையை மாற்றி மறுபடி சாப்பிட்டேன். தூக்கம் கொஞ்சம் வந்தது, மற்றபடி உள்ளே ஒன்றும் அசையவில்லை. மாத்திரைக்கு அடங்காத வகை என்று சொல்லி, செங்கல்பட்டுப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் கெட்டமின் என்ற பெயரை முதலில் கேட்டேன். டாக்டர் பொறுமையான மனுஷன், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அது ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்க மருந்து. அதில் ரொம்பக் கொஞ்சம் எடுத்துச் சலைனில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். முழு மயக்கம் வராது. கொஞ்ச நேரத்துக்கு நான் வேறு என் உடம்பு வேறு என்பது போலத் தோன்றும். நிறைய பேருக்கு அதற்குப் பிறகு மனசின் இறுக்கம் தளர்கிறது, சிலருக்குத் தளர்வதில்லை. தளர்ந்தாலும் அது கொஞ்ச நாளைக்குத்தான். அந்த நாட்களில் மனசுக்குள் செய்ய வேண்டிய வேலையைத் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து செய்துகொள்ள வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதைத் தொடவே கூடாது, தப்பாகப் பழகினால் இதுவே பெரிய கேடு என்றும் எச்சரித்தார்.

சேகர் விசாரிக்காமல் இருப்பானா? மாட்டாஸ்பத்திரியில் வேலை செய்கிற நண்பனிடம் கேட்டுவிட்டு வந்து காதில் சொன்னான்: "மாமா, அது நாய்க்கு ஆபரேசன் பண்ண சொல்லோ போடற ஊசியாம்." வனிதா அவனைப் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

ரத்தம் எடுத்தார்கள், இருதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். இந்த மருந்து ஏறும்போது பிரஷரும் ஏறுமாம், அதனால் முன்பே பார்த்துவிடுவார்களாம். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஹாலில் ஒரு டிவி சத்தமில்லாமல் சமையல் செய்துகொண்டே இருந்தது. பில் கட்டுகிற வேலை முழுக்க வனிதாவினுடையது. கட்டிவிட்டு வந்தால் பில்லை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். எவ்வளவு என்று கேட்டால், "உன் தலமேல எய்தி ஒட்டட்டுமா?" என்பாள். இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

ஊசிக்கு முன்னால் தெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் கவுன்சிலிங் மேடம் என்று கூப்பிடுகிற தீபா மேடம் அவர்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நான் தொழில்காரன் கண்ணோடு அவரைப் பார்த்தேன். குரல் சன்னம். மேளம் கிடையாது. இந்த அம்மா எப்படிக் கேள்வி கேட்டு என்ன வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மருந்து போடறது டாக்டரோட வேலை அண்ணா. பிரஷர், மூச்சு எல்லாம் அவரும் நர்ஸும் பார்த்துக்குவாங்க. பக்கத்துல இருக்கறது என் வேலை" என்றார்.

"நான் எதுனா பேசுவேனா?"

"பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அழலாம், சிரிக்கலாம். எது வந்தாலும் சரிதான்."

"பேசனா நீங்க இன்னா கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த வருஷத்தில் வந்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். "கேக்கறதுக்கு இல்லன்னா அப்பறம் நீங்க எதுக்கு மேடம்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க உள்ள போகும்போது வெளிய ஒரு ஆள் இருக்கணும் இல்ல? அதுக்கு. வெளிய வந்தப்புறம், பார்த்தது என்னன்னு நீங்களே யோசிக்கும்போது கூட உட்கார்றதுக்கு."

பயம் வந்தால் கையைப் பிடிக்கலாமா, எந்தக் கையை, எந்த இடத்தில் என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார். மருந்து ஏறியபின் ஒருவர் சம்மதம் சொல்வது சரிவராதாம், அதனால் தெளிவாக இருக்கும்போதே கேட்க வேண்டுமாம். வலது மணிக்கட்டு என்றேன். நான் பேசுவது என்னுடையது, என்னைக் கேட்காமல் வீட்டாரிடம் சொல்ல மாட்டேன் என்றார். "ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. உங்க உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்." நான் தலையாட்டினேன். சும்மா உட்கார ஒரு ஆளுக்கு ஆஸ்பத்திரியில் சம்பளம் என்றால் நாங்களும் அதையே செய்திருக்கலாமே என்று வெளியே வந்து சேகரிடம் சொன்னேன்.

முதல் ஊசி நாள். வெறும் வயிறு. கட்டிலில் படுக்க வைத்து விரலில் கிளிப், கையில் பிரஷர் பட்டை, கண்ணுக்கு மேல் மெத்தென்று ஒரு துணிப் பட்டை. டாக்டர் அளவைச் சரிபார்த்துச் சலைனைத் திறந்தார். தீபா மேடம் நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டார். "நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. பிறகு கால் எங்கே என்று தெரியவில்லை. ஏரித் தண்ணீரில் மல்லாந்து கிடக்கிற மாதிரி இருந்தது, ஆனால் கிடப்பது நான் இல்லை. மிஷின் பீப் பீப் என்று தாளம் போட்டது. விரல் தானாக அதற்கு அடி போட்டது. நான் காத்திருந்தேன். எதற்கு என்றால், கேள்விக்கு. இப்படி ஆளை மிதக்க விட்டுவிட்டால் அடுத்து கேள்வி வர வேண்டும், அதுதான் முறை. வரவில்லை. எனக்கே சங்கடமாகிவிட்டது. இவ்வளவு பேர் சுற்றி நிற்கிறார்கள், செலவு செய்திருக்கிறோம், நான் ஒன்றும் சொல்லாமல் கிடந்தால் என்ன மரியாதை? குரலை எடுத்தேன். அருள் வந்தவர்கள் எப்படி இழுத்துப் பேசுவார்களோ அப்படி. "வந்துக்கீறேண்டா" என்று தொடங்கினேன். மேடம் பக்கத்திலிருந்து அதே வார்த்தைதான்: "நான் இங்கதான் இருக்கேன்."

அந்த நேரம் வனிதா பில் வரிசையில் நின்றிருந்தாள். கதவுக்கு வெளியே சேகர். உள்ளே அந்த இழுவைக் குரல் கேட்டவுடன் அவனுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம், அந்தக் குரல் கேட்டால் அவன் கை தன்னால் சட்டைப் பைக்குத்தான் போகும். அதில் எப்போதும் கற்பூரம் இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நான் கேட்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டுவிட்டான்: "தாயே, வந்திருக்கறது யாரு? எங்க மாமாவ இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு கீற? உனுக்கு இன்னா வேணும்?"

மேடம் எழுந்து அவனுக்கும் எனக்கும் நடுவில் நின்றார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சத்தம் போடாமல், "இப்ப யாரும் எதுவும் கேக்கக் கூடாது, வெளிய வாங்க" என்றாராம். நர்ஸ் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டார். ஆக்சிஜன் இருக்கிற அறை, பற்ற வைத்திருந்தால் டீக்கடையில் வேறு கதை ஓடியிருக்கும். ஆனால் கேள்வி காதில் விழுந்துவிட்டது. கேள்வி விழுந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறியது. அதே குரலில் பதில் சொன்னேன்: "இவன எங்கிட்ட குடுத்துடுங்கடா. இவன் எனக்கு வேணும்."

தெளிந்து கண்பட்டையை எடுத்தபோது தலை சுற்றியது, குமட்டியது. வனிதா கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மன் வாய்திறந்து ஆளைக் கேட்டுவிட்டாள், அது வாக்கு என்று சேகர் அதற்குள் அவளிடம் சொல்லிவிட்டான். வீட்டுக்கும் போன் போய்விட்டது. எங்களில் வாக்கைத் தட்ட முடியாது. ஆளுக்குப் பதிலாக ஆடோ கோழியோ ஒரு உயிரை நேர்ந்து கொடுத்தால்தான் விடுவாள். உடனே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரே பேச்சு. நான் சொன்னது எனக்கே பயமாக இருந்தது. அதைவிட, உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் ரொம்பப் பயங்கரமானது. அம்மனே கேட்டுவிட்டாள் என்றால் போய்ச் சேருவதில் தப்பே இல்லையே என்று மனசு அதைப் பிடித்துக்கொண்டது.

மேடம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு யாரும் எதுவும் முடிவு பண்ண வேண்டாம். அவர் முழுசா தெளியட்டும்" என்று வனிதாவிடம் சொன்னார். என்னிடம் குனிந்து, "இதை மட்டும் நான் டாக்டர்கிட்ட சொல்றேன். முன்னாடியே சொல்லியிருந்தேன்" என்றார். அன்றே என்னை வார்டில் சேர்த்துவிட்டார்கள். வனிதா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். புடைவை முடிச்சில் ஒரு கை கடலைக்காய் இருந்தது. அங்கேயும் என்னை உரிக்க வைத்தாள்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்தபின், என்னைக் கேட்டுக்கொண்டு, வனிதாவையும் சேகரையும் கூட வைத்து மேடம் உட்கார்ந்தார். சேகர் முந்திக்கொண்டான். "மேடம், நீங்க படிச்சவங்க. ஆனா இது எங்க தொழிலு. அம்மா கேட்டுச்சின்னா பதிலுக்கு ஒண்ணு குடுத்துடணும். இவர வுடுங்க, இட்டுக்கினு போறோம்."

"அது அம்மன் சொன்னதா இல்லையான்னு சொல்ற இடத்துல நான் இல்ல தம்பி" என்றார் மேடம். "எனக்குத் தெரிஞ்சது இவரு நல்லா இல்லன்றது மட்டும்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நேத்து அந்த அறைக்குள்ள ஒரு கேள்வி வந்திருக்கக் கூடாது. கதவுக்கு வெளிய யாரு இருக்காங்க, அவங்ககிட்ட என்ன சொல்லி வைக்கணும்னு நான் பார்த்திருக்கணும். பார்க்கல. அது என் தப்பு." படித்தவர் ஒருவர் என் தப்பு என்று எங்களிடம் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேள்வியே வரலன்னா, நீங்க உங்க குரல்ல என்ன சொல்லியிருப்பீங்க?" என்றார். அவ்வளவுதான். கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மேலே ஃபேன் ஓடியது. பக்கத்து வார்டில் யாரோ இருமினார்கள். பதில் வராவிட்டால் நான் என்றால் இந்நேரம் நாலு கேள்வி மேலே போட்டிருப்பேன், பம்பையை ஓங்கி அடித்திருப்பேன். இவர் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதை அவ்வளவு அழுத்தமாகச் செய்தார். சேகர் வாயைத் திறந்தான், வனிதா அவன் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். ஏரி மதகு ஒருத்தனையும் அம்மனையும் நினைத்துப் பார்த்தேன். அவர்கள் யார் தலையிலும் ஏற்றிச் சொல்ல முடியாத வார்த்தை ஒன்று என்னிடம் இருந்தது.

"எனக்கு இருக்கப் புடிக்கல" என்றேன். "செத்துட்டா தேவலன்னு கீது. ரொம்ப நாளா."

என் சொந்தக் குரல்தான். கட்டைக் குரல், இழுவை கிடையாது. வனிதா அலறப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள்.

கண்ணைத் திறந்தேன்.

"தெரியாமயா ஊர்ல கீற கடலையெல்லாம் வாங்கியாந்து உன்ன உரிக்க வெச்சேன்? உன் ரெண்டு கையும் என் கண்ணு முன்னாடி இருக்கணும்னுதான். எண்ணெ எவனுக்கு வேணும்?" அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள். "நீயா ஒரு நாளைக்கி சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். கேட்டா நீ எதுனா ஒரு பதில சொல்லிட்டு பூடுவ. அதான் கேக்கல."

அப்போதுதான் நான் அழுதேன். அம்மனுக்காகவும் இல்லை, பயத்திலும் இல்லை. ஒரு வருஷமாக ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அது தெரியாமல் நான் தனியாக இருப்பதாக நினைத்திருக்கிறேன். மேடம் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் ஓய்ந்தபின், அந்த நினைப்பு மறுபடி வந்தால் முதலில் யாரிடம் சொல்வது, அவர் கிடைக்காவிட்டால் யாரிடம், ராத்திரியானால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று நான்கு பேருமாகப் பேசி முடிவு செய்தோம். முதல் ஆள் வனிதா. சேகர் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி அடம் பிடித்தான், சேர்த்துக்கொண்டோம்.

நேர்த்திக்கடனை வனிதா விடவில்லை. ஆஸ்பத்திரி முடிந்ததும் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மனிடம் தவணை வாங்கிக்கொண்டாள். மேடம் அதைத் தடுக்கவில்லை.

இரண்டாவது ஊசிக்கு முன் மேடம் சேகரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். கதவு அவன் பொறுப்பு. உள்ளிருந்து என்ன சத்தம் கேட்டாலும் அவன் வரக் கூடாது, வேறு யாரையும் விடவும் கூடாது. அவனுக்கு வேலை கொடுத்தால் போதும், வெறி பிடித்துச் செய்வான். தரை கூட்ட வந்த அம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. கடைசியில் டாக்டரையே, "உள்ள எதுனா கேப்பீங்களா சார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் விட்டான்.

இந்த முறையும் உதடு மரத்தது, உடம்பு நழுவியது. அந்தக் குரல் தொண்டை வரை வந்து பார்த்தது. கேட்பார் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு இடத்தில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருட்டாகப் பயம் வந்தது. கையைத் தூக்கினேன். பேசி வைத்தபடி வலது மணிக்கட்டில் விரல்கள் வந்து பட்டன. "நான் இங்கதான் இருக்கேன்." பயம் போகவில்லை, ஆனால் அதற்குள் நான் தனியாக இல்லை. அப்புறம் கதவுக்கு வெளியே எங்கேயோ பட், பட் என்று கடலைத்தோல் உடைகிற சத்தம் கேட்டது. வனிதா உரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தக் கடலையைத் தின்ன வேண்டும் போல இருந்தது. ஒரு வருஷத்தில் எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

தெளிந்தவுடன் அதைத்தான் கேட்டேன். "குமட்டும் அண்ணா, கொஞ்சம் பொறுங்க" என்றார் மேடம். அவரும் சிரித்தார்.

ஊசியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினால் அது சேகர் கதை மாதிரி ஆகிவிடும். இன்னும் சில ஊசிகள் போட்டார்கள். நடுவில் சில நாட்கள் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது, வனிதாவிடம் சொன்னேன், டாக்டரிடம் போனோம். மாத்திரை இப்போதும் உண்டு. ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு மேடத்தோடு உட்கார்ந்தேன். மிதந்தபோது பார்த்ததற்கு அவர் ஒருநாளும் அர்த்தம் சொன்னதில்லை. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, "அதை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனா என்ன மாறும்?" என்பார். ஒருமுறை நான் யோசித்துவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் கோணக் கூடாது என்று ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவது என் பழக்கம், அதை விட்டுவிட வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். அவ்வளவுக்குத்தான் சம்பளமா என்று இப்போது நான் கேட்க மாட்டேன்.

இந்த ஆடியில் மறுபடி பம்பை தூக்கினேன். கூழ் வார்க்கிற கோயில், உச்சி வெயில். வர்ணிப்புப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் மேல் அருள் வந்தது. ஆடினாள், பிறகு தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழத் தொடங்கினாள். சேகர் உடுக்கையை நிறுத்தி என்னைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது.

"கேளு மாமா" என்றான்.

"இருடா. மொதல்ல அழட்டும்."

பம்பையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நானும் கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தேன். "நான் இங்கதான் கீறேன்மா" என்றேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். ரொம்ப நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தானாகப் பேசினாள். அவள் அக்காவிடம்தான் பேசினாள். என்ன பேசினாள் என்பது அவளுடையது, அதை நான் எழுத மாட்டேன். கற்பூரம் சேகர் பையிலேயே இருந்தது.

வெயில் தாழ்ந்தபின் வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாகத்தான் வீடு திரும்பினேன். முன்பெல்லாம் நான் எங்கே போய்விட்டு வந்தாலும் வனிதா தெருமுனையில் நிற்பாள். அன்று தெருவில் யாரும் இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஒருவன் வெளியே இருக்கும்போது வனிதா தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. சாவியைச் சத்தமில்லாமல் ஆணியில் மாட்டினேன். பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்து, அவள் தானாக எழுகிற வரைக்கும் இருந்தேன்.